மத்தியானப் பிழை

என் மனைவி மங்கையர்க்கரசி அந்தப் பெட்டிக்குச் ‘சின்ன வீடு’ என்று பெயர் வைத்திருந்தாள். வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே நான் அதன் எதிரே போய் நிற்கிறேனாம். அதனோடு மட்டும் தணிந்த குரலில் பேசுகிறேனாம். கடைக்குப் போனால் அதற்கு மட்டும் மறக்காமல் ஏதாவது வாங்கி வருகிறேனாம். எல்லாமே உண்மை என்பதால் நான் சிரித்துச் சமாளித்துவிடுவேன்.

பெட்டி என்பது வேறொன்றுமில்லை, எங்கள் பழைய ஃபிரிட்ஜ்தான். அம்பத்தூரில் மொட்டை மாடிக்கு நேர் கீழே எங்கள் வீடு. வாடகை தராமல் வெயிலும் எங்களோடு குடியிருந்தது. அந்த வீட்டின் ஒரு மூலையில், கொடைக்கானலுக்கும் மேலே இருக்கும் ஒரு மலையுச்சியின் தட்பவெப்பத்தை நான் உண்டாக்கியிருந்தேன். குழந்தைகளுக்கு மூச்சுத்திணறலுக்கு வைக்கும் நெபுலைசரைப் பிரித்து மாட்டியதில் மூடுபனி வந்தது. மீன்தொட்டி விளக்கு சூரியன். கம்ப்யூட்டருக்குள் ஓடும் குட்டி விசிறி காற்று. திரை விரிசல் விட்ட என் பழைய செல்போன் மூளை. எதையும் யாரும் தொட வேண்டியதில்லை. தானாகப் பனி பெய்யும், தானாக விடியும், தானாக இருட்டும்.

நான் லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் சூப்பர்வைசர். பெயர் தில்லைநாயகம். என் படிப்பும் அனுபவமும் மனிதர்களை மேலே ஏற்றி இறக்குவது பற்றி மட்டுமே. செடிகளைப் பற்றி எனக்குத் தெரிந்தது, அவற்றுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது. அதையும் அதிகமாக ஊற்றியிருக்கிறேன் என்று பின்னால் தெரிந்தது.

என்னை இதில் இழுத்துவிட்டவர் டாக்டர் ஹெப்சிபா. மலைத் தாவரங்களைக் காப்பாற்றும் சிறிய நிலையம் ஒன்றைக் கொடைக்கானல் பக்கம் நடத்திக்கொண்டிருந்தார். நிலையத்தின் பெரிய குளிர் அறை பழுதாகி, சரிசெய்ய வழியில்லாமல், ஆர்வமுள்ளவர்கள் கன்றுகளை வீட்டில் வைத்து வளர்க்க முன்வர வேண்டும் என்று இணையத்தில் கேட்டிருந்தார். ஆர்வத்துக்கு என்னிடம் என்றுமே பஞ்சம் கிடையாது. போன் செய்தேன்.

“இது பாறையில மட்டும் வளர்ற தும்பை, சார். நம்ம காசித்தும்பைக்கு ஒண்ணுவிட்ட சொந்தம்னு வெச்சுக்கங்க” என்றார். “கீழ சூடாச்சு, மேல ஏறிச்சு. அங்கயும் சூடாச்சு, இன்னும் மேல ஏறிச்சு. இப்ப உச்சில நிக்குது. அதுக்கு மேல மலை இல்ல.”

“லிஃப்ட் போட்டாலும் பிரயோஜனமில்லைன்னு சொல்லுங்க” என்றேன். அவர் சிரிக்கவில்லை.

நாலைந்து கன்றுகள் எனக்கு வந்தன. வாங்கிக்கொண்ட மற்றவர்கள் வீட்டில் எல்லாம் வாடிப்போயின. என் ஃபிரிட்ஜில் அவை பிடித்துக்கொண்டன. அடுத்த கோடையில் மலையுச்சியில் மிச்சமிருந்தவையும் கருகிவிட்டன என்று ஹெப்சிபா போனில் சொன்னபோது அவர் குரல் சரியாக இல்லை. உலகத்தில் அந்தச் செடி இருக்கும் ஒரே இடம் என் வீட்டு ஃபிரிட்ஜ் என்று எனக்குப் புரிந்தது. அன்று நான் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். லிஃப்ட் கண்ணாடியில் என்னை நானே பார்த்துக்கொண்டேன்.

பெட்டி கட்டும் முறையைப் படம்பிடித்து இணையத்தில் போட்டேன். பலர் தங்கள் பழைய ஃபிரிட்ஜைப் பிரித்தார்கள். அவர்களுக்குக் கிளை வெட்டி அனுப்பினேன். ஆனால் ஹெப்சிபாவுக்கு அதில் நிம்மதியில்லை.

“வெட்டி வெட்டி நட்டா அதே செடிதான் திரும்பத் திரும்ப. ஒரு நோய் வந்தா எல்லாம் ஒண்ணாப் போயிடும். விதை வேணும் சார். இதுங்க பூத்து ஓஞ்சா ரொம்ப நாள் தாங்காது. அதுக்குள்ள விதை வந்தாகணும்.”

இப்போது குளிர் மீட்டரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது வந்த புதிதில் மங்கைக்கு நான்தான் விளக்கினேன். அவளுக்கு விளக்குவது எனக்கு மிகவும் பிடித்த காரியம்.

“ஊரே ஏசி போட்டா, உள்ள இருக்கிற சூடெல்லாம் எங்க போகும்? தெருவுக்கு. தெரு சூடாகும். உடனே எல்லாரும் இன்னும் கூட்டி வெப்பாங்க. அதனாலதான் வீட்டுக்கு இவ்வளவு குளிர்னு கவர்மெண்ட் அளந்து குடுக்குது. அளவு தீந்தா மெஷின் தானா நின்னுடும்.”

“சரிங்க. அந்த அளவு நமக்கா, சின்ன வீட்டுக்கா?”

கேள்வி நியாயமானது. பெட்டி ராப்பகலாக ஓடியது. எங்களுக்கு வந்த அளவில் சமையலறை ஃபிரிட்ஜுக்குப் போக மிச்சத்தை அதுவே குடித்துவிட்டது. படுக்கையறை ஏசிக்கு உறை தைத்துப் போட்டு மூடினேன். ஒரு இனமே அழிவின் விளிம்பில் நிற்கும்போது நாம் கொஞ்சம் வேர்த்தால் என்ன என்று ஒரு சொற்பொழிவும் ஆற்றினேன். சொற்பொழிவை நான் குளிரூட்டப்பட்ட ஆபீசுக்குக் கிளம்பும்போது ஆற்றினேன்.

மங்கை ஐம்பதைத் தொட்டிருந்தாள். “வெளிய அடிக்கிற அனல் போதாதுன்னு எனக்கு உள்ளேர்ந்தே அனல் அடிக்குதுங்க. திடீர்னு முகமெல்லாம் பத்தி எரியுது” என்பாள். “மோர் குடி” என்பேன். அதற்குள் என் செல்போனில் பெட்டியின் ஈரப்பதம் ஒரு புள்ளி குறைந்திருப்பதாகச் செய்தி வரும். பதறிக்கொண்டு ஓடுவேன்.

ஒரு முறை அவள் பெட்டியின் கதவைத் திறந்து முன்னால் நின்றிருந்ததைப் பார்த்துவிட்டேன். “மங்கை! கதவைத் தெறந்தா டிகிரி ஏறும்!” என்று கத்தினேன். சாத்திவிட்டுப் போய்விட்டாள். புரிந்துகொண்டாள் என்று நினைத்தேன்.

செடிகள் பூத்தன. மேல் தட்டின் விளிம்பிலிருந்து வெளிர் ரோஜா நிறத்தில் வரிசையாகத் தொங்கின. பெட்டிக்குள் வண்டு ஏது? ஹெப்சிபா நிலையத்தில் ஏற்கனவே தூரிகையால் தொட்டுத் தொட்டு முயன்றிருக்கிறார். மகரந்தம் உதிரவே இல்லை. நான் விடுவேனா? பேட்டரியில் அதிரும் பல்துலக்கி ஒன்றை வாங்கி, பூக்களுக்கு நடுவே தொங்கவிட்டு, காலையில் தானாக அதிரும்படி செய்தேன். அதற்குத் ‘தானியங்கி வண்டு’ என்று பெயரும் வைத்தேன். மங்கை அதைப் பார்த்து, “பூவுக்கு ஏதுங்க பல்லு?” என்றாள்.

சில வாரங்களில் காய் பிடித்தது. நான் குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து விசாரித்துவிட்டுப் போனார். ஹெப்சிபாவுக்குப் போன் செய்து வண்டின் தத்துவத்தை விரிவாக விளக்கினேன். அவர் அழுதார். நானும் கண் கலங்கினேன், பாதி என் பெருமையில்.

எல்லாம் சரி, ஒரே ஒரு குறை. தினமும் மத்தியானம் பெட்டிக்குள் சூடு ஏறி, சற்று நேரத்தில் இறங்கியது. செல்போன் அதைப் ‘பிழை’ என்று சிவப்பில் காட்டும். ஆபீசில் உட்கார்ந்துகொண்டு அந்தச் சிவப்பைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்காது. முதலில் கம்ப்ரசரைச் சந்தேகப்பட்டேன். பிறகு கதவின் ரப்பரை மாற்றினேன். பிறகு மத்தியானத்தில் மின்னழுத்தம் குறைவதாக முடிவுகட்டிக் குடியிருப்புச் செயலாளரோடு சண்டை போட்டேன். அவர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

உள்ளே கேமரா இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. மணிக்கொரு படம் எடுத்தது. மங்கலான படங்களும் செடியை மறைக்கும் படங்களும் இடத்தை அடைக்காமல் இருக்க, அவற்றைத் தானாகவே தனியே ஒதுக்கித் தள்ளும்படி ஒரு நிரல் எழுதியிருந்தேன். நான் எழுதியதிலேயே தவறில்லாமல் ஓடிய நிரல் அது ஒன்றுதான்.

கடைசியில், கதவு லேசாகத் தானே விலகுகிறது என்று தீர்மானித்தேன். கதவுகள் என் தொழில். லிஃப்ட் கதவுக்குப் போடும் காந்தப் பூட்டு ஒன்றைக் கொண்டுவந்து மாட்டி, என் செல்போனிலிருந்து மட்டும் திறக்கும்படி செய்தேன். பிழை அன்றே நின்றது. செல்போனில் சூட்டைக் காட்டும் கோடு சலவை செய்து இஸ்திரி போட்ட மாதிரி நேராக ஓடியது. இதை மங்கையிடம் காட்டினேன். “சந்தோஷம்” என்றாள்.

அதன் பிறகு ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை.

பல்துலக்கி அதிர்ந்துகொண்டே இருந்தது. பூக்கள் விரிந்தன, உதிர்ந்தன. வண்டைப் பற்றி நான் இணையத்தில் போட்ட படத்தைப் பார்த்துப் பல்துலக்கி வாங்கியவர்கள், அவர்கள் வீட்டில் வண்டு வேலை செய்யவில்லை என்று எழுதினார்கள். பேட்டரியை மாற்றச் சொன்னேன். முதலில் பிடித்த காய்களில் கிடைத்த விதைகள் ஒரு தேக்கரண்டிகூட இருக்காது. அவற்றைச் சில வாடிய பூக்களோடு சேர்த்து ஹெப்சிபாவுக்கு அனுப்பியிருந்தேன். அங்கிருந்து வந்தது அடுத்த இடி.

“சார், பூவோட சூல்முடி மேல, மகரந்தம் ஒட்டுற நுனியில, சிவப்பா ஏதோ ஒட்டியிருக்கு. கூட வந்த விதை மேலயும் ஒட்டியிருக்கு. பொடிப்பொடியா. நான் பாத்ததே இல்ல. பூஞ்சையா இருக்கும்னு பயமா இருக்கு.”

“புது நோயா?”

“அப்படித்தான் தோணுது. உங்ககிட்டேர்ந்து கிளை எல்லா ஊருக்கும் போயிருக்கு. பூஞ்சைன்னா விதை, செடி எல்லாத்தையும் எரிச்சாகணும் சார். இந்த நோயை நான் மலைக்குக் கொண்டுபோக முடியாது. மிச்சமிருக்கிற மத்த செடியையும் அது அழிச்சிடும். நானே நேர்ல வரேன்.”

அவர் வருவதற்குள் அந்தச் சிவப்பைப் பற்றி நான் நிறையப் படித்தேன். அதுதான் காய் பிடிப்பதை நிறுத்திவிட்டது என்று கண்டுபிடித்தேன். அதற்கு என் பெயரை வைப்பார்களா என்றும், இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு நிமிடம் யோசித்தேன்.

ஹெப்சிபா ஒரு மத்தியானம் வந்து சேர்ந்தார். நாற்பது வயதிருக்கும், மலையிலிருந்து இறங்கியவர் எங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மங்கை ஓடிப்போய் விசிறியை அவர் பக்கம் திருப்பினாள். “உக்காருங்க மேடம். எலுமிச்சம்பழம் பிழிஞ்சு தரேன். இந்த வீட்டுல மனுஷங்களுக்கு அதுதான் ஏசி.”

ஹெப்சிபா கையோடு கொண்டுவந்திருந்த சிறிய உருப்பெருக்கியைக் கூடத்து மேசையில் வைத்தார். நான் அனுப்பியிருந்த விதைப் பொட்டலத்தைப் பிரித்து ஒரு வாடிய பூவைக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்தார். நானும் குனிந்து பார்த்தேன். மஞ்சள் மகரந்தத்துக்கு நடுவே செக்கச்செவேலென்று பொடிகள். பெட்டிக்குள் எஞ்சியிருந்தவை கடைசிப் பூக்கள். இந்தப் பொட்டலத்தை எரித்துவிட்டால் விதை என்று ஒன்று இனி இருக்காது.

“வேற எந்த வீட்டுலயாவது இந்தச் சிவப்பு இருக்கா?” என்றேன்.

“ரெண்டு மூணு வீட்டுல மட்டும் எப்படியோ காய் பிடிச்சிருக்கு. ஒரு வீட்டுல இதே சிவப்பு. இன்னொரு வீட்டுல வெள்ளை. அதையும் அழிக்கணும். எனக்கு ஒண்ணுமே புரியல சார்.”

மங்கை டம்ளரைத் தட்டில் வைத்து நீட்டினாள். பூவையே பார்த்தபடி ஹெப்சிபா அதை வாங்கினார். கொஞ்சம் கண்ணாடித் துண்டின் மேல் சிந்திவிட்டது. “ஐயோ” என்று துடைக்கப் போனவர், நின்றார். குனிந்து உருப்பெருக்கியில் பார்த்தார். எழுந்தார். மறுபடி குனிந்தார்.

“சிவப்பு போயிடுச்சு” என்றார். “மஞ்சளாயிடுச்சு.”

“பூஞ்சை செத்துப்போச்சா?” என்றேன்.

“பூஞ்சை எலுமிச்சம்பழத்துக்கு நிறம் மாறாது சார். மஞ்சள்தூள்ல சுண்ணாம்பு கலந்தா சிவக்கும். புளிப்பு பட்டா திரும்ப மஞ்சளாகும். இது குங்குமம்.”

“சான்ஸே இல்ல. ஆயுதபூஜைக்குக்கூட பெட்டிக்குப் பொட்டு வைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன். இல்ல மங்கை?”

மங்கை தட்டைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நின்றாள். அப்போது அவள் வகிடு எங்கள் இருவர் முகத்துக்கும் நேராக வந்தது. வேலூரில் அவள் தங்கை வீட்டில் இடித்த குங்குமம், நெற்றியிலிருந்து உச்சி வரைக்கும் நீளமாக.

“பூட்டுப் போடுறதுக்கு முன்னாடி” என்றாள். “நீங்க ஆபீஸ் போனப்புறம். மத்தியானம் ஆனா எனக்குத் தாங்க முடியலைங்க. அடுப்பு மேல நிக்கிற மாதிரி இருக்கும். கதவைத் தெறந்து தலையை மட்டும் உள்ள விட்டுக்குவேன். செடியைத் தொடல. சத்தியமா ஒண்ணையும் தொடல. கொஞ்ச நேரம். முகம் ஆறினதும் சாத்திடுவேன். நீங்க சொன்னீங்கன்னுதான் பாத்துப் பாத்துச் செஞ்சேன்.”

கம்ப்ரசர். ரப்பர். மின்னழுத்தம். செயலாளர். எல்லாம் என் கண்முன்னால் வரிசையாக வந்து போயின. ஒரே வீட்டில் இருக்கும் ஒருத்தியைத் தவிர எல்லாவற்றையும் நான் சந்தேகப்பட்டிருக்கிறேன். சந்தேகப்பட வேண்டுமென்றால்கூட ஒரு ஆள் நம் நினைவில் இருக்க வேண்டுமே.

ஹெப்சிபா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை.

“அக்கா, இந்தப் பூவுக்குத் தேனீ தலையை உள்ள விடணும். மேலேர்ந்து மகரந்தம் அதோட உச்சந்தலையில ஒட்டும். அடுத்து வேற பூவுக்குள்ள தலையை விடும்போது அந்தப் பூ தலையிலேர்ந்து துடைச்சு எடுத்துக்கும். உங்க வகிடுதான் தேனீ.”

“அப்ப தூரிகைக்கு ஏன் வரல?” என்று நான் கேட்டேன். தானியங்கி வண்டின் பெயரை எடுக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

“மலையில மத்தியானம் கொஞ்ச நேரம் பனி விலகும் சார். வெயில் அடிக்கும். அந்தச் சூட்டுலதான் மகரந்தம் உதிரும், தேனீயும் அப்பதான் வரும். நீங்களும் நானும் நாள் முழுக்க ஒரே குளிரா வெச்சுட்டோம். கதவு தெறந்து சூடு ஏறிச்சில்ல, அதுதான் வெயில். மலையிலேயே பொறந்து வளந்தவ நான், எனக்கே தோணல.” டம்ளரில் மிச்சமிருந்ததைக் குடித்தார். “நோய் எப்படி உள்ள வந்துச்சுன்னு மத்த வீட்டுலயும் அப்பவே போன் பண்ணிக் கேட்டேனே, யாராவது கதவைத் தெறக்கிறாங்களான்னு. யாருமே தெறக்கலன்னாங்களே?”

“யாரைக் கேட்டீங்க?” என்றாள் மங்கை.

“பெட்டி கட்டின சாருங்களை.”

மங்கை தட்டைக் கீழே வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனை நாளாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கப் பயமாக இருந்தது. “வீட்டம்மாவைக் கேளுங்க மேடம். வெள்ளையா இருந்துச்சுன்னீங்களே, அது முகத்துப் பவுடரா இருக்கும்.”

போன் செய்து கேட்டதில் அப்படித்தான் என்று தெரிந்தது. வெள்ளை கண்ட வீட்டில் சார் முதலில் மறுத்தாராம். பிறகு பின்னாலிருந்து ஒரு பெண் குரல், “ஆமா, நான்தான், இப்ப என்ன?” என்று கேட்டதாம். விதைகள் தப்பின. ஹெப்சிபா பாதியைத் தன்னோடு எடுத்துக்கொண்டு, பாதியை எங்கள் வீட்டில் வைத்தார். மலை எப்போதாவது ஆறினால் அங்கே திரும்பப் போகும். அதுவரை பெட்டிதான் என்றார். ஆறுமா என்று நான் கேட்கவில்லை.

அன்று மாலை பூட்டைக் கழற்றினேன். பிறகு, செல்போனில் ஒதுக்கித் தள்ளிய படங்களைத் தேடிப் பார்த்தேன். பெரும்பாலும் கறுப்பு மங்கல், ஒரு தோள், கொஞ்சம் முடி. ஒன்றில் மட்டும் முகம் முழுதாக விழுந்திருந்தது. கண்ணை மூடியிருந்தாள். பூக்கள் அவள் தலைமேல் தொங்கிக்கொண்டிருந்தன. வாய் லேசாகத் திறந்து, நெற்றியில் வேர்வை காய்ந்து, ரொம்ப தூரம் நடந்து வந்து உட்கார்ந்தவள் மாதிரி இருந்தாள். அந்த முகத்தின் குறுக்கே சிவப்பு எழுத்தில் ‘பிழை’ என்று என் நிரல் முத்திரை குத்தியிருந்தது.

சமையலறைக்குப் போய், “நாளையிலேர்ந்து ஏசி உறையைக் கழட்டிடலாம்” என்றேன்.

“அப்ப செடி?”

“அளவு பத்தாது. ஏதாவது பண்றேன்.”

“நீங்க ஏதாவது பண்ணா எனக்குப் பயமா இருக்கு” என்றாள். கொஞ்சம் யோசித்தாள். “ரெண்டு பேருக்கும் தனித்தனியா எதுக்குங்க? ஸ்டோர் ரூமைக் காலி பண்ணுங்க. அந்த ஏசியை அங்க மாட்டுங்க. பெட்டியைப் பெருசாக் கட்டுங்க, ஒரு நாற்காலி போடுற அளவுக்கு.”

கட்டினேன். பழைய கதவுகளையும் தெர்மோகோலையும் வைத்து, இம்முறை அவளைக் கேட்டுக் கேட்டு. விதையிலிருந்து வந்த செடிகளின் பூக்கள் நாற்காலிக்கு மேலே, உட்கார்ந்தால் உச்சந்தலையில் உரசும் உயரத்தில் தொங்கின. மத்தியானத்தில் சூட்டைக் கொஞ்சம் ஏற்றிவிடும்படி நிரலைத் திருத்தினேன். ஹெப்சிபா அந்த அமைப்பின் படத்தை எல்லா வீடுகளுக்கும் அனுப்பினார். தேவையான பொருட்களின் பட்டியலில் நாற்காலியையும் சேர்த்திருந்தார். அந்தப் பருவத்தில் எங்கள் வீட்டில் பிடித்த காய்களை நாங்கள் டப்பாக்களில் போட்டு வைக்க வேண்டியிருந்தது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாடியில் வெயில் கொளுத்தியது. விசிறி அனலை வாரி என்மேல் கொட்டியது. பனியன் ஈரத்தில் உடம்போடு ஒட்டிக்கொண்டது. சாப்பிட்டதும் மங்கை சால்வையைப் போர்த்திக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வெளியே கொஞ்ச நேரம் நடந்தேன். பிறகு கதவைத் தட்டினேன்.

“மங்கை, நானும் கொஞ்ச நேரம் உள்ள வந்து நின்னுக்கட்டுமா? நானும் தலையை விட்டா இன்னும் ரெண்டு காய் பிடிக்குமே.”

“உங்க தலையில எதுங்க ஒட்டும்?”

அனிச்சையாக என் வழுக்கையைத் தடவிக்கொண்டேன். தாழ்ப்பாளில் கை வைத்தேன்.

“தெறக்காதீங்க” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “டிகிரி ஏறும். மோர் வெச்சிருக்கேன், குடிங்க.”

சமையலறைக்குப் போய் மோரை எடுத்துக் குடித்தேன். உப்புப் போட்டிருந்தாள். அனல் கொஞ்சம்கூடத் தணியவில்லை.